சாய்ந்தால்தான் சாய்சதுரமா?

எட்டாம் வகுப்பில் நாற்கரம் தொடங்கும் அன்று நான் சாக்பீஸைத் தொடுவதில்லை. 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய நாலு ஈர்க்குச்சிகள், மூலைக்கு ஒரு துண்டு சைக்கிள் வால்வு டியூப், கோத்தால் சதுரம். மேசைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் தள்ளினால் மெல்லச் சரியும். "என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்பேன். "சாஞ்ச சதுரம் சார்!" சாய்சதுரம் என்ற சொல்லை நான் யாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னதே இல்லை. செய்முறையே அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

கிரேக்கர்கள் இதை ரோம்போஸ் என்றார்கள். கயிற்றில் கட்டித் தலைக்குமேல் சுழற்றினால் 'விர்'ரென்று ஓசை எழுப்பும் பலகைக்கும் அதுதான் பெயர். ஜப்பானியருக்கு இது 'ஹிஷி' வடிவம். ஹிஷி, குளத்து நீரில் இலை பரப்பி மிதக்கும் ஒரு கொடி. வட இந்தியாவில் சிங்காடா என்று விற்கும் காய் அதன் இனம்தான். மிட்சுபிஷி என்ற பெயரிலும் இருப்பது அந்த ஹிஷிதான்; சின்னத்தில் மூன்றாக நிற்கிறது. டச்சுக்காரருக்கோ இது 'ராய்ட்', சன்னல் கண்ணாடிக்கும் அதே சொல். ஒருவர் காதால் கேட்டதை இன்னொருவர் குளத்தில் பார்த்திருக்கிறார். நம் சொல்லில் தள்ளிய கை தெரிகிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

அந்தச் சொல்லே ஓரிடத்தில் இடறவும் செய்யும். "சதுரமும் ஒரு சாய்சதுரம்தான்" என்றதும் வகுப்பு ஒத்துக்கொள்ளாது. "அது சாயவே இல்லையே சார்?" நியாயமான கேள்வி. யூக்ளிடும் பிள்ளைகள் பக்கம்தான்: நாலு பக்கமும் சமம், ஆனால் செங்கோணம் கூடாது என்றே அவர் வரையறுத்தார். இன்றைய கணக்கு அந்த 'கூடாது'வை எடுத்துவிட்டது.

ஏன் என்று வாயால் விளக்குவதைவிட அளந்து காட்டுவேன். ஒரு மூலைவிட்டம் 16 செ.மீ. வரும்வரை குச்சிகளைச் சாய்த்தால் மற்றது 12. பெருக்கிப் பாதி எடுத்தால் பரப்பு 96 சதுர செ.மீ. நிமிர்த்திச் சதுரமாக்கினால் இரண்டும் 14.1-ஐச் சற்றே தாண்டும். அதே சூத்திரம் 100 தரும். எப்படித் தள்ளினாலும் மூலைவிட்டங்கள் செங்குத்தாகவே வெட்டிக்கொள்கின்றன. "எந்த இடத்துல இது சாய்சதுரமா இல்லாமப் போச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண் எழுந்து வந்தாள். நாலு குச்சியும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகும்வரை தள்ளினாள். "இப்ப இது படுத்த சதுரமா சார்?" மணி அடிக்கும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.