சங்கீதா அடித்த இரண்டு கோலும் எங்கள் வீட்டு எட்டாம் வகுப்பும்



இந்த வருஷம் சாரல் மே மாதமே வந்துவிட்டது. ஆடி முடியப்போகிறது, இன்னும் தூறல் நின்றபாடில்லை. தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற ரோட்டில் சனி, ஞாயிறுகளில் கால் வைக்க இடமில்லை. நான் வீட்டை விட்டு நகராமல் போனில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"டீச்சர், இப்போ உங்க டீம் எது? சென்னையினா, இல்ல அதையும் விட்டாச்சா?" என்று 2003 பேட்ச் பையன் ஒருவன் போன மாதம் கேட்டிருந்தான். அவனுக்கு இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

சென்னையினை விடவில்லை. 2015-லும் 2018-லும் கோப்பையை வாங்கிய அணி, 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வது இடம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தோற்கிற டீமைப் பார்ப்பதும் ரசிகர் வேலைதான். ஆனால் 2025 ஜூலை 11-ம் தேதி அடுத்த ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஃபெடரேஷனுக்கும் போட்டியை நடத்தும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிவதாக இருந்ததாம், அடுத்தது என்னவென்று அப்போது முடிவாகவில்லையாம். சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. ஆண்கள் இந்திய அணியோ ஜூன் 10-ம் தேதி ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் 0-1 என்று தோற்றது. 2025 ஜூலையில் உலகத் தரவரிசையில் 133-வது இடம். இதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

ஆகவே, தம்பி, என் டீம் இப்போது இந்தியப் பெண்கள் அணி.

ஜூன் கடைசியில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்தது. நம்ம குரூப்பில் ஐந்து அணிகள். முதலிடம் வருகிற ஒரே ஒரு அணிக்குத்தான் ஆஸ்திரேலியா போக இடம். இரண்டாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஜூன் 23 மங்கோலியாவை 13-0, ஜூன் 29 திமோர்-லெஸ்தேயை 4-0, ஜூலை 2 இராக்கை 5-0. மங்கோலியா மேட்சில் ஒடிசாவின் பியாரி ஒருத்தியே ஐந்து கோல். நம்ம தமிழ்நாட்டுப் பிரியதர்ஷினி செல்லதுரையும் இரண்டு போட்டாள். இன்னொரு தமிழ்ப் பெண் கார்த்திகா அங்கமுத்துவும் அந்த அணியில் இருந்தாள்.

உண்மையைச் சொன்னால் 13-0 மேட்சை நான் பாதியில் அணைத்துவிட்டேன். எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் பிள்ளைகள்தானே. அந்த கோல்கீப்பரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் டேபிளைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்று மேட்ச் முடிந்தபோது இந்தியா 9 புள்ளி, 22 கோல் அடித்திருக்கிறது, ஒன்றுகூட வாங்கவில்லை. தாய்லாந்தும் 9 புள்ளி, அதே 22 கோல், அதுவும் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு தாள் வித்தியாசம் இல்லை. ஜூலை 5 சனிக்கிழமை இருவரும் மோதும் மேட்ச்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நாம் உலகத் தரவரிசையில் 70, அவர்கள் 46. 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பையில் ஆடியவர்கள். மேட்ச் நடப்பதும் அவர்கள் ஊரில்.

பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1983-ல் பாங்காக்கில் நடந்த ஆசியக் கோப்பை ஃபைனலில் இந்தியாவை 3-0 என்று தோற்கடித்ததும் இதே தாய்லாந்துதான். அதற்கு முன், 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த போட்டியிலும் இந்தியப் பெண்கள் ஃபைனல் வரை போய் தைவானிடம் தோற்றார்கள். கோழிக்கோடு நமக்கு என்ன தூரம்? செங்கோட்டை தாண்டினால் கேரளா. நான் அப்போது காலேஜில் படிக்கிறேன். அப்படி ஒரு போட்டி நடந்ததே எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. இந்தியப் பெண்கள் ஆசியாவிலேயே இரண்டாவது என்பதை முப்பது வருஷம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒவ்வொரு சேனலாகத் தேடிப்பார்த்தேன், இல்லை. தங்கச்சி பேத்திதான் யூடியூபில் எடுத்துக் கொடுத்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரத்துக்குள் நடுக்களத்தில் ஆடும் சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்தில் இருந்து ஒரு அடி அடித்தாள். மேற்கு வங்காளத்துக் கல்யாணி ஊர்க்காரி. ஃபார்வர்டு கிடையாது. அவள் வேலை பந்தைப் பறிப்பதும், பக்கத்தில் இருப்பவளிடம் கொடுப்பதும்தான். டீமில் இப்படி ஒருத்தி இருந்தால் யாரும் பெயரைக்கூட ஞாபகம் வைக்கமாட்டார்கள். அவள் இல்லாத அன்றைக்குத்தான் அருமை தெரியும். அந்த அடி உள்ளே போனபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிய உடனேயே தாய்லாந்து சமன் செய்துவிட்டது. 1-1. உள்ளூர்க் கூட்டம் கத்துகிறது. எனக்குக் கை சில்லிட்டுப்போனது. பல வருஷம் பெண்கள் டீமை மேட்சுக்கு அழைத்துக்கொண்டு போனவள் நான். ஒரு கோல் வாங்கியதும் பதினோரு முகமும் ஒரே நேரத்தில் தொங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அடி வாங்கியதால் தோற்கமாட்டார்கள், "நமக்கு எப்போதும் இப்படித்தான்" என்ற நினைப்பில் தோற்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு வரவில்லை. 74-வது நிமிடம், கார்னரில் இருந்து வந்த பந்து, மறுபடியும் சங்கீதா, இந்தத் தடவை தலையால். 2-1. மீதி நேரம் நான் உட்காரவே இல்லை.

தகுதிச் சுற்றில் ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் தடவை. அப்போது கோச் கிறிஸ்பின் செத்ரி. ஃபெடரேஷன் 50,000 டாலர் பரிசு அறிவித்தது. அப்போது நம்ம காசில் நாற்பத்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்து மூன்று பேருக்கும் கோச்சுகள், மற்றவர்களுக்கும் பிரித்தால் எவ்வளவு வரும் என்று கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐ.பி.எல். ஏலத்தில் பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவனுக்குக் கிடைப்பதோடு ஒப்பிடச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 10-ம் தேதி இன்னொன்று நடந்தது. இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி யாங்கோனில் மியான்மரை 1-0 என்று ஜெயித்து, இருபது வருஷத்துக்குப் பிறகு தங்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பெரிய அணி அந்த ஆகஸ்டில் தரவரிசையில் 63-க்கு ஏறியது. அக்காமார் போன வழியில் தங்கச்சிமார் ஒரு மாதத்தில் போய்விட்டார்கள்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று 1990-களில் என்னிடம் படித்த பெண்களுக்குத் தெரியும். நான் பி.டி. டீச்சர் இல்லை. பி.டி. டீச்சர் மாற்றலாகிப் போய், வேறு ஆள் வராத ஒரு வருஷம் டீமைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் என்றார்கள், ஒன்பது வருஷம் ஓடியது. நம்ம கிரவுண்டு ஞாபகம் இருக்கிறதா? சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, மேற்கே பார்த்து உதைத்தால் பந்தைத் திருப்பி நம் காலடியிலேயே கொண்டுவந்து போடும். டாஸ் ஜெயித்தால் மேற்கு கோல் போஸ்டை எடு, முதல் பாதியிலேயே இரண்டு கோல் போடு, பிறகு காற்றோடு சண்டை போடு. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம். வெளியூர் டீம்கள் இது புரியாமல் முழிப்பார்கள்.

எங்களிடம் ஆட்டத்திறமைக்குக் குறைச்சல் இல்லை. 94-95 பேட்சில் ஒரு இடதுகால்காரி இருந்தாள். கார்னரில் இருந்து அவள் உதைத்தால் பந்து காற்றில் வளைந்து நேரே கோலுக்குள் போகும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்குப் போனவள், திரும்பி வந்தபோது கிரவுண்டுப் பக்கம் வரவில்லை. வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் இந்தப் பதிவையும் படிப்பாள். பேர் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அவள் ஒருத்தி இல்லை. ஆறாம் வகுப்பில் முப்பது பேர் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். எட்டாம் வகுப்பில் பதினைந்து. ஒன்பதில் ஐந்தாறு பேர். பத்தில் டீமுக்கு ஆள் போதாமல் கோ-கோ பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டிவருவேன். பையன்கள் டீமில் இந்தக் கழித்தல் கணக்கு கிடையாது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனவர்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. கடலூர்க்காரி இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடி, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறாள். அந்த ஐந்தாறு பேரில் இருந்தே இவ்வளவு வருகிறதென்றால், முப்பது பேரும் நின்றிருந்தால்?

இப்போது தங்கச்சி பேத்தி விஷயம். அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், சொந்தக்காரர்கள் யாரும் போன் போட்டு அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்கவேண்டாம்.

பிள்ளை இரண்டு வருஷமாக ஆடுகிறாள். பேக் ஆடுவாள், பயப்படமாட்டாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் நிறுத்திவிட்டார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள், வெயிலில் கருத்துப்போகிறாள், ட்யூஷன் இருக்கிறது, நாலு பேர் என்ன சொல்வார்கள். நம்ம குடும்பத்தில் இந்தப் பாட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருதரம் பாடப்படும். என் காலத்தில் சைக்கிளுக்குப் பாடினார்கள்.

தாய்லாந்து மேட்ச் முடிந்து நாங்கள் இருவரும் கூத்தடித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா கூட்டிப்போக வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். சண்டை போடவில்லை. என்னதான் கஷ்டம் என்று கேட்டேன். கருப்பு, வெளுப்பு எல்லாம் மாமியார் வீட்டுப் பேச்சுக்காகச் சொன்னது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. உண்மையான காரணத்தைக் கடைசியில்தான் சொன்னாள். "பெரியத்தை, அந்த கிரவுண்டுல பாத்ரூமே கிடையாது. உடுப்பு மாத்த இடம் கிடையாது. அந்த நாலஞ்சு நாள்ல பிள்ள என்ன செய்வா? ஒருநா அழுதுக்கிட்டே வந்தா."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? முப்பது வருஷத்துக்கு முன்னால் என் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் கிரவுண்டை விட்டுப் போனதற்கும் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு வருஷக்கணக்கில் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பலன் இல்லை. பாத்ரூமுக்குப் பதில் உண்டு. அந்த கிரவுண்டில் இருந்து என் வீடு ஐந்து நிமிஷ நடை. முன்கட்டு ரூமையும் அதை ஒட்டிய பாத்ரூமையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று, பீரோவில் நாப்கின் வாங்கி வைத்தாயிற்று. இவள் ஒருத்திக்கு என்று ஆரம்பித்தது, இப்போது ஆறு பேர் வருகிறார்கள். சாரலில் நனைந்த பூட்ஸ் ஆறு ஜோடி திண்ணையில் கிடக்கிறது. வீடு நாறுகிறது.

அம்மாக்காரி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். காலாண்டுப் பரீட்சையில் மார்க் குறைந்தால் பந்தை எடுத்து வைத்துவிடவேண்டும். நானும் ஒத்துக்கொண்டேன். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அறிவியல்தான் உதைக்கிறது. தென்காசியிலேயே இருக்கிற சயின்ஸ் பிள்ளைகள் யாராவது வாரம் இரண்டு நாள் வந்து உட்கார முடியுமா? காசு தருவேன், காப்பியும் உண்டு.

அடுத்தது ஆஸ்திரேலியா. குலுக்கல் முடிந்துவிட்டது. 2026 மார்ச் 4 வியட்நாமோடு, 7-ம் தேதி ஜப்பானோடு, இரண்டும் பெர்த்தில். 10-ம் தேதி சிட்னியில் சைனீஸ் தைபே, அதாவது நம்ம கோழிக்கோடு காலத்துத் தைவான். 2022-ல் நவி மும்பையில் இதே ஆசியக் கோப்பையில் இதே அணியோடு ஆடவேண்டிய அன்றைக்குத்தான் நம் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கொரோனா வந்து, ஆட ஆள் இல்லாமல் போட்டியை விட்டே வெளியேறினார்கள். ஆடாமல் போன மேட்ச் நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. ஜப்பான் 2011-ல் உலகக் கோப்பையையே ஜெயித்தவர்கள், அந்த மேட்சில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வியட்நாமும் தைபேயும் ஜெயிக்க முடியாதவர்கள் இல்லை. குரூப்பில் முதல் இரண்டு இடம், அல்லது மூன்றாவது வந்தவர்களில் நல்ல இரண்டு அணி, காலிறுதி. அதைத் தாண்டினால் 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு வழி இருக்கிறது.

பெர்த்தில் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள், சிட்னியில் நாலைந்து பேர். கிரிக்கெட்டுக்கு முகத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டு போய் போட்டோ போடுகிறீர்களே, இதற்கும் போங்கள். பெண்பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். யார் யார் போகிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். சங்கீதா பக்கத்தில் வந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவேண்டும், முன்கட்டு ரூமில் மாட்ட.