காங்கேசன்துறைக் கிணற்றடியில்

நாகூருக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அந்தக் கடலில் தெற்கே போனால் எந்தக் கரை வரும் என்று என்றாவது நினைத்ததுண்டா? காங்கேசன்துறை வரும். நாகப்பட்டினத்திலிருந்து அங்கே 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மறுபடி தொடங்கினார்கள். நானும் என் மனைவியும் போனது அதில்தான்.

ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஒருவர் செல்போனில் சினிமாப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். இன்னொருவர் வீட்டுச் சண்டையை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி நடத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு மூதாட்டி, பக்கத்து இளைஞனிடம் "தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று மூன்று முறை கேட்டார். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம் கரை மறைந்தது, சிக்னலும் போனது. அந்த இளைஞன் போனை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, விழித்தெழுந்தவன் போலச் சுற்றிலும் பார்த்தான். "பாட்டி, ஏதோ கேட்டீங்களே?" என்றான். கப்பல் ஆடுகிறதே என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், வெளியே காத்திருந்து, திரும்பக் கூட்டி வந்தும் உட்கார வைத்தான். என் மனைவி வாடா பொட்டலத்தைப் பிரித்தாள். முன்பின் தெரியாத ஆறேழு பேர் கை நீட்டினார்கள். அரை மணிக்கு முன் யாரை முரடன் என்று நினைத்தேனோ, அவன் என்னிடம் "சாப்பிடுங்க மாமா" என்று என் வீட்டு வாடாவையே உபசரித்தான்! பிள்ளை நல்ல பிள்ளைதான். இத்தனை நேரம் அவன் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

காங்கேசன்துறையில் 1893-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தை நீங்கள் பார்க்கலாம். 1950-ல் உற்பத்தி தொடங்கி 1990-ல் நின்றுபோன சிமெண்ட் ஆலை இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதையும் இங்கேதான் முடிகிறது. போரால் 1990-ல் நின்ற ரயில் 2015 ஜனவரி 2 அன்றுதான் மறுபடி இந்த ஊரைத் தொட்டது. அதே 1990 ஜூனில் ஊரே காலியானது. சுற்றுவட்டாரம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே பூட்டிய வீட்டை விட்டுப் போவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலங்களைப் பகுதி பகுதியாகத்தான் விடுவித்து வருகிறார்கள்.

நாங்கள் நடந்து போன தெருவில் கூரையில்லாத வீடொன்று. உள்ளே மரம் வளர்ந்து நின்றது. வாசற்படியில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சுவரில் கை வைத்தபடி நின்றார். எதிரே மூன்று இளைஞர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சொன்னான்:

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வீடியோவுக்குள்ள வாறீங்கள்."

சொல்லில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவரும் பேசாமல் தள்ளி நின்றார், தன் வீட்டு வாசலிலிருந்து.

அவர்கள் போன பிறகு அருகே போனேன். என் கையிலும் போன் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார், கிணற்றுக் கட்டில் உட்காரச் சொன்னார். பேச்சு இளைஞர்களைப் பற்றித் திரும்பியது. அவருக்குக் கோபமே இல்லை.

"தொண்ணூறுக்குப் பிறகு இஞ்ச கரண்ட் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்துவார். டைனமோவில றேடியோ வேலை செய்யும். பத்துப் பேர் சுத்தி இருந்து செய்தி கேட்டனாங்கள். ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம். தேத்தண்ணி வந்தால் சுத்தினவருக்குத்தான் முதல்" என்றார். "இப்ப ஆளுக்கொண்டு இருக்குது. ஆர் ஆருக்காகச் சுத்திறது?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவர் மடியில் போன் ஒலித்தது. கனடாவில் இருக்கும் தங்கையாம். 1990-க்குப் பிறகு இந்த வீட்டைப் பார்க்காதவர். பெரியவர் துள்ளி எழுந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் பேசத் தொடங்கினார். நாங்கள் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. போனைத் திருப்பியவர், "கொஞ்சம் விலகுங்கோ" என்று எங்களுக்குக் கை காட்டினார். நானும் மனைவியும் கிணற்றுக் கட்டை விட்டு எழுந்து விலகி நின்றோம்.

"இந்தா, கிணறு. தெரியுதோ?"

"தெரியேல்லை அண்ணை, இன்னும் கிட்டக் கொண்டு போங்கோ" என்றது அந்தக் குரல். அழுகிற குரல்.