குடிக்கூலி வீடு

தென்காசியில் முப்பது ஆண்டுகள் நான் குடியிருந்த வீடு விற்பனைக்குப் போவதற்கான கணக்கை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இதைக் கேட்ட நண்பர்கள் சிரிக்கின்றனர். சிரிப்பதற்குரிய செய்திதான். ஆயினும் அது நடந்த விதத்தை வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

1994ஆம் ஆண்டு, ஓதி முடித்து வந்து மதரஸாவில் ஆசிரியப் பணி ஏற்று, மணம் முடித்திருந்த புதிதில் அவ்வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரப் பெரியவரின் குடும்பம். மாத வாடகை 400 ரூபாய், முன்பணம் 5,000. எழுத்து எதுவும் இல்லை. "ஹஜ்ரத்திடம் போய்க் கையெழுத்து வாங்குவதா?" என்று பெரியவர் கேட்டபோது அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தெருப் பிள்ளைகள் ஓதுவதற்கு முன்கட்டுத் திண்ணையையும் அவரே ஒழித்துக் கொடுத்தார். அந்தத் திண்ணையில் அலிஃப் கற்றவர்களின் பிள்ளைகள் இன்று அதே திண்ணையில் அலிஃப் கற்றார்கள். வாடகை மெல்ல உயர்ந்து 4,000 ரூபாயில் நின்றது. அவர் கேட்டு உயர்ந்ததைவிட நானாக உயர்த்திக் கொடுத்ததே மிகுதி.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரியவர் வஃபாத்தானார்கள். நாற்பது நாள் கழிந்ததும் அவருடைய பிள்ளைகள் காகிதமும் பேனாவுமாக என்னிடம் வந்தனர். "பங்கை நீங்களே பிரித்துத் தாருங்கள் ஹஜ்ரத். வெளியாள் வேண்டாம்" என்றார் மூத்தவர். ஃபராயிள் எனப்படும் பாகப்பிரிவினைக் கல்வியைப் பல்லாண்டு கற்பித்தவன் நான், மறுக்க இயலுமா?

கணக்கு எளியது. மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மிச்சமின்றி எட்டாகப் பிரிந்துவிட்டது. மாணவர்களுக்குத் தேர்வில் கொடுக்கத் தகுந்த கணக்கு! ஆனால் பிரிய வேண்டிய பொருளோ மூன்று சென்ட் நிலமும் அதன்மீது நின்ற பழைய வீடும். மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 1,300 சதுர அடி. எட்டில் ஒரு பங்கு 163 சதுர அடி, ஓர் அறை அளவே தேறும். விற்றுப் பணமாகப் பிரிப்பதன்றி வழியில்லை என்பது, என் பேனா அக்கடைசி வரியை எழுதும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பங்குக்கு முன் கடன் கழிய வேண்டும் என்பது விதி. ஆகவே பெரியவர் தர வேண்டிய கடன்களின் வரிசையில் "பின்கட்டுக் குடியிருப்பவரின் முன்பணம் 5,000" என்று என்னையும் எழுதினேன். அந்தத் தாளில் எனக்கிருந்த இடம் அவ்வளவே. முப்பது ஆண்டுக்கென்று அதில் ஒரு கட்டமும் இல்லை.

வீட்டு வாடகைக்குப் பழந்தமிழர் வைத்த பெயர் குடிக்கூலி. அரபியில் இஜாரா. அதுவும் அஜ்ர் என்ற வேரிலிருந்து வந்தது, அஜ்ர் என்றாலும் கூலிதான். இரு மொழியும் ஒன்றையே கண்டிருக்கின்றன. பொருள் ஒருவருடையது, அதன் பயனை மற்றவர் ஒரு காலத்துக்கு விலைக்குப் பெறுகிறார். பயனை விற்றிருக்கும்போது பொருளை இன்னொருவருக்கு விற்றால் என்ன ஆகும்? இமாம் நவவீ அவர்களின் மின்ஹாஜில், அந்த விற்பனை செல்லும், வாடகை ஒப்பந்தமும் முறியாது என்பதே வலுவான கருத்து. வாங்கியவர் தவணை முடியும்வரை பொறுக்க வேண்டும். ஹனஃபீ நூல்களிலோ அந்த விற்பனை குடியிருப்பவரின் இசைவையோ தவணையின் முடிவையோ எதிர்நோக்கி நிற்கும். எத்தனை முறை இதைப் பாடமாக நடத்தியிருப்பேன்! எல்லாவற்றிலும் "தவணை" என்ற சொல் நிற்பதை அந்த ஆண்டுதான் உற்றுப் பார்த்தேன். எனக்குத் தவணை ஏது? தவணை குறிக்காமல் மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டும் பேசிய வாடகை ஷாஃபிஈ மத்ஹபில் செல்லவே செல்லாது. ஹனஃபீயில் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும், ஆனால் உரிமையாளர் இறந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். எந்தக் கதவைத் தட்டினாலும் நான் வெளியேதான் நின்றேன்.

"அக்கம்பக்கத்தாருக்கு முதலுரிமை உண்டு என்பீர்களே, நமக்கு இல்லையா?" என்று இல்லத்தாள் கேட்டாள். ஷுஃப்ஆ என்னும் அவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கு உண்டு, ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. குடியிருப்பவருக்கு எதிலும் இல்லை. அதையும் இங்கே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1870லேயே தீர்ப்பளித்துவிட்டது. இருந்தாலுந்தான் என்ன, வாங்கப் பணம் வேண்டாமா?

உறவினர்கள் வேறு வழி காட்டினார்கள். "காலி செய்யாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் பத்து ஆண்டு ஓடும். ஒரு தொகை வாங்கிக்கொண்டு இறங்குங்கள்." 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தின் பேச்சு அது. வீடு கைமாறியது என்பதற்காக மட்டும் அச்சட்டத்தின்படி யாரையும் வெளியேற்ற முடியாது. சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, இடித்துக் கட்டுதல், வாடகை பாக்கி என்று காரணம் காட்ட வேண்டும். அச்சட்டம் 2019 பிப்ரவரி 22இல் போயிற்று. அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து மூல ஒப்பந்தமும், வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் கேட்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாக அதில் வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வாங்காததைப் பெருமையாக எண்ணியவனுக்கு இது போதாதா?

ஆனாலும் இழுத்தடிக்க முடிந்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். இரண்டு இரவுகள் வந்தது. ஒரு மகளுக்கு இன்னும் மணம் முடியவில்லை. ஆசிரியர் ஊதியமோ எல்லோரும் அறிந்தது. ஆனால் நான் ஒரு நாள் தாமதித்தால் எட்டுப் பங்கும் ஒரு நாள் தாமதிக்கும். அதில் ஒரு பங்கு முன்கட்டில் இத்தா இருந்துகொண்டிருந்த அந்த அம்மாவுடையது. நானே எழுதிய பங்கை நானே மறித்து உட்காருவதா?

வீடு தேடத் தொடங்கினேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து வாடகை ஏறிய வேகத்தை, பழைய வீட்டிலேயே இருந்துவிட்ட நான் உணர்ந்திருக்கவில்லை. பல வீடுகளில் வாடகையே வேண்டாம் என்றனர். ஒத்திதான் வேண்டுமாம். ஐந்து இலட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், போகும்போது பணம் முழுதாகத் திரும்ப வரும். கடன் கொடுத்து அதற்கு ஈடாகப் பயன் அனுபவிப்பது வட்டியே என்று ஜும்ஆ மேடையில் நானே பேசியிருக்கிறேன். பேசியவன் ஒத்திக்குப் போக முடியாது. ஐந்து இலட்சமும் கையில் இல்லை என்பதால் இத்தியாகத்துக்கு எனக்கு நன்மை எவ்வளவு எழுதப்படும் என்பது வேறு செய்தி!

குற்றாலத்திலும் விசாரித்தேன். ஆடி மாதம், சாரல் தூறிக்கொண்டிருந்தது. பேரருவியில் தண்ணீர் நிறைந்து விழுகிறது, தெருவெல்லாம் வெளியூர் வண்டிகள். ஒரு வீட்டுக்காரர் மிக மரியாதையாகப் பேசினார். "ஒன்பது மாதம் தாராளமாக இருங்கள் ஹஜ்ரத். சீசன் மூன்று மாதம் மட்டும் ஒழித்துக் கொடுத்துவிடுங்கள், நாள் வாடகைக்கு விடுவோம்." மூன்று மாதம் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு நல்ல மனிதராய்ச் சிரித்தார். ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வீடுகளில் தவணை இன்னது என்று தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவரே.

எங்கள் வீட்டை வாங்கியவரும் இடித்துவிட்டு விருந்தினர் அறைகள் கட்டத்தான் வாங்கினார். கிரயத்துக்குப் பின் மூன்று மாதம் இருக்கச் சொன்னார், வாடகையும் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று.

எங்களுக்கு முன்பே அந்த அம்மா கிளம்பினார்கள். மூத்த மகள் வீட்டுக்குக் கடையநல்லூர் போகிறார்கள். திரைக்குப் பின்னிருந்து என்னிடம் கேட்டார்கள்: "எட்டில் ஒன்று என்றீர்களே ஹஜ்ரத், அது எந்த இடம் என்று காட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேனே." அதற்கு மறுமொழி எந்தக் கிதாபிலும் நான் படிக்கவில்லை. என் முன்பணம் 5,000 ரூபாயைத் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் மேலகரத்துக்கு வந்துவிட்டோம். இந்த வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்தாயிற்று. புது வீட்டுக்காரர் சற்று மனவருத்தத்துடனே கையெழுத்திட்டார். திண்ணை இல்லை, நடையில் பாய் விரித்துக்கொள்கிறோம். இரண்டு சிறுவர்கள் மட்டும் இன்னமும் மஃரிபுக்குப் பின் பழைய வீட்டுத் திண்ணையில் கிதாபை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எதிர்வீட்டார் சொல்லியனுப்பினார்கள். நாளை அவர்களை அழைத்துவர என் மகனைச் சைக்கிளில் அனுப்புகிறேன்.