பதினெட்டு அங்குலப் புஷ்பக்

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி, செஞ்சிப் பாறைகளும் பின்னால் போன கொஞ்ச நேரத்தில் அண்ணாமலை தெரிய ஆரம்பித்துவிடும். 814 மீட்டர் உயரம். திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வருகிறார்கள். நான் போனது செங்கம் சாலைப் பக்கம் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு, அவரோடு உட்கார்ந்து ஒரு விமானம் செய்ய.

அப்பா மீனம்பாக்கத்தில் பயிற்சி விமான மெக்கானிக். அவர் கைபட்ட விமானங்களில் என் மனசுக்கு நெருக்கமானது புஷ்பக். பெங்களூரு எச்.ஏ.எல்.லில் உருவாகி 1958இல் முதன்முதலாகப் பறந்தது. ஏறத்தாழ 160 விமானங்கள் கட்டினார்கள். பெரும்பாலும் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு. தலைக்கு மேலே இறக்கை, அதைத் தாங்கும் சாய்வுக் கம்பிகள், அருகருகே இரண்டு இருக்கைகள், 90 குதிரைத்திறன் எஞ்சின். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, டோப் பூசி விறைப்பாக்கியிருப்பார்கள். ஓய்வுபெற்ற போர் விமானங்களுக்கு ஊர் ஊராகப் பீடம் கட்டியிருக்கிறோம். எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த இந்தச் சின்ன விமானத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு அது ஆற்றாமைதான்.

அசலின் இறக்கை நீளம் 36 அடி. எங்கள் மாதிரிக்கு ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் பதினெட்டு அங்குலம் வருகிறது. விலா எலும்புகளுக்கு பால்சா மரம். சென்னையிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். சக்கரக் கால்களுக்கும் சாய்வுக் கம்பிகளுக்கும் மூங்கில் சிம்பு போதும் என்றார் சித்தப்பா. தச்சு வேலையிலேயே காலம் கழித்தவர். கூடை முடைகிறவர்களிடம் வாங்கி வந்து, கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி தீக்குச்சியைவிட மெல்லிசாக்கினார்.

மேலே ஒட்டியது பட்டத் தாள். ஒட்டி முடித்துத் தண்ணீர் தெளித்தால் தொய்ந்துபோய் மனசைக் கலக்கும். காயக் காய இறுகி, சுண்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும். அதன் மேல் நீர்த்த டோப். டப்பாவைத் திறந்ததும் சித்தப்பா நிமிர்ந்தார். "அண்ணன் சட்டையில எப்பவும் இந்த வாசனைதான்டா."

ஓர் இடத்தில் மட்டும் அசலை மீறினோம். இறக்கை நுனிகளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தோம். உள்ளே விமானி கிடையாது. ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கைதான் தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டும்.

கோயில் பக்கமோ கிரிவலப் பாதையிலோ பறக்கவிட எனக்குச் சம்மதமில்லை. கோடையில் வறண்டு கிடந்த சமுத்திரம் ஏரிக்கு விடியுமுன் போனோம். வெயில் ஏறிப் பாறை சுட்டுவிட்டால் காற்று நிலைகொள்ளாது.

முதலில் விசிறியைச் சுழற்றும் ரப்பரை முறுக்காமல் கையால் மிதக்கவிட்டோம். தலையைத் தூக்கி, வேகம் செத்து, பொத்தென்று இறங்கியது. மூக்கில் ஏரிக் களிமண்ணைக் கிள்ளி வைத்தோம். எடை, இறக்கை அகலத்தின் முன் மூன்றிலொரு பங்கில் வந்து நின்றதும் சீராக வழுக்கியது. அப்புறம் ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவி, சித்தப்பாவின் கைத் துளைப்பானில் கொக்கி மாட்டி முறுக்கினோம். முறுக்கு அவிழும் வேகம் விமானத்தை இடப்பக்கம் தள்ளும் என்பதால் விசிறியை வலப்பக்கம் ஒரு துளி திருப்பியிருந்தோம்.

விட்டதும் ஏறியது. எங்கள் தலைக்கு மேல் அகலமாக வட்டம் போட்டது. முறுக்கு தீர்ந்த பிறகும் விசிறி காற்றில் சுழல, அவசரமே இல்லாமல் இறங்கி, சக்கரம் ஊன்றி ஓடி நின்றது. மீனம்பாக்கத்தில் வேலி ஓரம் நின்று நான் பார்த்த அதே இறக்கம். என் தொண்டை அடைத்துக்கொண்டது.

சித்தப்பா அடுத்ததாக எச்.டி.2 செய்யலாம் என்கிறார். 1951இல் பறந்த பயிற்சி விமானம், வி.எம். காட்கேயின் வடிவமைப்பு. இறக்கை கீழே இருப்பதால் நிலைநிறுத்துவது இன்னும் கடினம். வரைபடம் போட ஆரம்பித்திருக்கிறேன்.