இரண்டு துருத்திகள்

இத்தாலியின் துரின் நகரத்துக்கு வெளியே, பழைய ராலி கார்களைச் செப்பனிடும் சின்னப் பட்டறை அது. மேசைமேல் விரித்த துணியில் லான்சியா டெல்டா எஸ்4 காரின் இன்ஜின் பகுதி பகுதியாகக் கிடந்தது. நான்கே சிலிண்டர், 1759 சிசி. பந்தயத்தில் 450 குதிரைத்திறனுக்கு மேல் தந்த இன்ஜின் இது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த 1759-க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய ராலிப் பிரிவான குரூப் பி-யின் விதிப்படி, காற்றை அழுத்தி ஊட்டும் இன்ஜினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கினார்கள். பெருக்கினால் 2463. 2500 சிசி வரையிலான வகுப்புக்குள் அடங்கியதால் 890 கிலோ எடையிலேயே காரை இறக்க முடிந்தது. இன்ஜினைச் சிறிதாக்கியாயிற்று, இனிக் காற்றைத் திணித்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்வது. வேகம் ஏறிவிட்டால் அதன் பலத்துக்கு ஈடில்லை. ஆனால் வளைவில் காலை எடுத்து மறுபடி மிதித்தால் உடனே பிக்கப் வராது. சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்ட்டோடு பெல்ட்டில் ஓடுவதால் மிதித்த கணமே ஊதும். அதற்குக் கூலியாக இன்ஜினின் சக்தியையே தின்னும். இந்தக் காரை உருவாக்கிய அபார்த் பொறியாளர்கள் இரண்டையும் ஒரே இன்ஜினில் பூட்டினார்கள்.

பட்டறைப் பெரியவர் சூப்பர்சார்ஜரை என் பக்கம் நகர்த்தி, "கையால் சுற்றிப் பாருங்கள்" என்றார். எட்டு வடிவில் இரண்டு உருளிகள். ஒன்றின் இடுப்புக்குள் மற்றதன் தலை புகுந்து வருகிறது, ஆனால் தொடுவதில்லை. நடுவே, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை விட்டு இழுத்தார். சற்று நகர்த்தி மறுபடி இழுத்தார். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டிருந்து, நடுவில் விட்டுவிட்டேன். உருளிகள் உரசினால் உலோகத்தூள் இன்ஜினுக்குள் போகும். இடைவெளி கூடினால் அழுத்திய காற்று பின்னால் நழுவிவிடும். கொல்லன் துருத்தியில் ஓட்டை விழுந்தால் உலை தணிவதைப் போலத்தான்.

இருந்தாலும் எனக்குப் பெரிதாகப் பட்டது கைமாறும் இடம். டர்போ வேகம் பிடித்ததும் பைபாஸ் வால்வு திறந்து, காற்று சூப்பர்சார்ஜரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த நொடியை ஓட்டுபவரின் கால் உணரக் கூடாது.

1985 நவம்பரில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியில், தன் முதல் உலகப் போட்டியிலேயே இந்தக் கார் ஓட்டுநர் ஹென்றி தொய்வோனனுக்கு வெற்றி தேடித் தந்தது. 1986 மே 2 அன்று கோர்சிகா ராலியில் அவர் ஓட்டிய கார் சாலையை விட்டு விழுந்து எரிந்தது. தொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த ஆண்டோடு குரூப் பி முடிந்தது. அந்த விபத்தைப் பற்றி நான் கேட்டபோது பெரியவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாலையில், பூட்டி முடித்த இன்னொரு இன்ஜினைச் சோதனை மேடையில் ஓட்டினார்கள். முதலில் மாவு மில்லின் இரைச்சல். அதன் மேல் மெல்ல ஒரு சீழ்க்கை ஏறியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு விரலை உயர்த்தினார். எனக்கு எதுவும் பிசகியதாகத் தெரியவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பைபாஸ் வால்வின் பக்கம் குனிந்தார்.