பழுது கற்பிக்கும் பாடம்

கொல்கத்தாவில் சித்திரை, வைகாசி மாதங்களின் மாலை வேளைகளில் ‘கால்பைசாகி’ என்னும் இடிப்புயல் திடீரென வீசும். அப்போது மின்சாரம் தடைப்பட்டால் கைவிளக்கே துணை. அந்நகரின் சாந்தினி சௌக் பகுதியில் மின்னணுப் பொருள்களை விற்கும் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. இத்தகைய கடைகளில் கிடைக்கும் உதிரி உறுப்புகளைக் கொண்டு, குமிழ் விளக்கு பொருத்திய பழைய டார்ச்சையும் எல்.இ.டி. விளக்காக மாற்றி அமைக்கலாம்.

இவ்வாறு மாற்றிய விளக்கில், மின்கலத்துக்கும் எல்.இ.டி.க்கும் இடையே ‘டிரைவர்’ எனப்படும் சிறிய மின்சுற்று இருக்கும். வெண்ணிற எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒளிரும். முழுதும் மின்னேற்றிய லித்தியம் அயனி மின்கலமோ 4.2 வோல்ட் தரும். மின்னழுத்தம் சிறிதே மிகுந்தாலும் எல்.இ.டி.யில் பாயும் மின்னோட்டம் பெரிதும் கூடிவிடும்; அதனால் அது சூடேறிக் கெடும். மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதே டிரைவரின் பணியாகும்.

விளக்கு மங்கினாலும் விட்டுவிட்டு எரிந்தாலும் பலர் உடனே டிரைவரையே பழித்து, அதனைக் கழற்றி எறிந்துவிடுவர். பழுதுநீக்கத்தில் தேர்ந்தவரோ எளியதில் தொடங்கி அரியதை நோக்கிச் செல்வார். முதலில் மல்டிமீட்டரால் மின்கலத்தின் அழுத்தத்தை அளப்பார். அடுத்து, பின்மூடியைக் கழற்றி, மின்கலத்தின் எதிர்முனையை ஒரு கம்பியால் விளக்கின் உலோக உடலோடு இணைப்பார். விளக்கு நன்கு ஒளிர்ந்தால், குறை பின்மூடியின் சுவிட்சிலோ சுருள்வில்லிலோ உள்ளது என்பது தெளிவாகும். ஒளிராவிடில், திருகுமரையில் படிந்த அழுக்கையும், டிரைவரை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும், பற்றவைத்த இணைப்புகளையும் ஆராய்வார். இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் டிரைவரை ஐயுறுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குறையுடையது என்பது தெரியாமற் போகும்.

சான்றாக, சுருள்வில்லின் மின்தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். அதன் வழியே 3 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் 0.3 வோல்ட் அங்கேயே வீணாகும். மின்கலம் சற்றுத் தளர்ந்த நிலையில் இவ்விழப்பே ஒளியை மங்கச் செய்யும். இங்கே டிரைவர் குற்றமற்றது.

பழுதைப் பொறுமையுடன் நோக்கியதால் அறிவியலே வளர்ந்த வரலாறும் இந்நகருக்கு உண்டு. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலைகளை உணரும் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். நெடுநேரம் இயங்கிய கருவியின் உணர்திறன் குன்றுவதையும், ஓய்வுக்குப்பின் அது மீள்வதையும் கண்டார். கருவியைப் பழுதென ஒதுக்காமல் காரணத்தைத் தேடினார். அத்தேடல், உயிருள்ளவற்றின் துலங்கலையும் உயிரற்றவற்றின் துலங்கலையும் ஒப்பிடும் ஆய்வாக வளர்ந்து, 1902இல் நூலாக வெளிவந்தது.

லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளும் நேரே இணைந்தால் தீப்பற்றக்கூடும். ஆதலால் மாணவர்கள் இவ்வேலையைப் பெரியோர் துணையுடனேயே செய்தல் வேண்டும். அவசரமின்றி, அளந்து அறிந்து செய்தால், நல்ல உறுப்பு குப்பைக்குப் போகாது. வேண்டும் வேளையில் விளக்கும் கைவிடாது.