கடிக்காமல் ஊதுங்கள்

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியிருந்து என்னிடம் கிளாரினெட் கற்க வரும் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது பேஸ் கிளாரினெட் மேல் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். அந்த அடிநாதத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. ஆனால் பெரிய வாத்தியத்தைக் கையில் எடுத்ததுமே பலமாக ஊதுகிறார்கள், இறுக்கிக் கடிக்கிறார்கள். கீச்சென்று ஒரு சத்தம் வரும். பயந்துபோய் இன்னும் இறுக்குவார்கள்.

பிள்ளைகளே, பேஸ் கிளாரினெட் சாதாரண கிளாரினெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசுகிற வாத்தியம். குழாய் நீளம், மவுத்பீஸ் பெரிது, ரீட் அகலம். அகலமான ரீட் அதிர்வதற்கு இடம் கேட்கும். தாடையைத் தளர்த்துங்கள். மவுத்பீஸை இன்னும் சற்று உள்ளே வாங்குங்கள். காற்று நிறைய வேண்டும். அது வயிற்றிலிருந்து தடையில்லாமல் வரட்டும், தொண்டையில் நெரிபட வேண்டாம்.

அடுத்தது ஸ்தாயி மாறும் இடம். புல்லாங்குழலிலும் நாகஸ்வரத்திலும் அதே விரல் நிலையில் மேலே போனால் மேல் ஸட்ஜம் கிடைக்கும். கிளாரினெட் அப்படியல்ல. ஒரு முனை ரீட்டால் மூடிய, ஒரே அகலமுள்ள குழாய் என்பதால், கட்டைவிரல் சாவியைத் தொட்டதும் அதிர்வு மூன்று மடங்காகிறது. கீழே ஸட்ஜமாக இருந்தது மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகிவிடுகிறது. இடையிலுள்ள ஸ்வரங்களை நிரப்பத்தான் இத்தனை சாவிகள். துளைகள் பெரும்பாலும் திறந்திருக்கும் ஸ்வரத்திலிருந்து எல்லா விரலையும் மூட வேண்டிய ஸ்வரத்துக்கு ஒரே நொடியில் தாவ வேண்டியிருக்கிறது. பலருக்கு உடைவது அங்கேதான்.

இதற்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே போகப் போகிறோம் என்று தெரிந்ததும், இன்னும் கீழ் ஸ்வரம் ஒலிக்கும்போதே வலக்கை விரல்களை முன்கூட்டி மூடி வைத்துவிடுங்கள். ஸ்வரம் அதிகம் கெடாது. தாண்டும் கணத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

இன்னொரு சாதகமும் சொல்கிறேன். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கீழ் ஸ்வரம் ஒன்றை நிதானமாகப் பிடியுங்கள். உதடு, தாடை, காற்று எதையும் மாற்றாமல் கட்டைவிரல் சாவியை மட்டும் தொடுங்கள். மேல் ஸ்வரம் தானாக மலர வேண்டும். மலரவில்லை என்றால் கீழ் ஸ்வரத்தைத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே நெரிசல் இருக்கும். மேலே கேட்ட பிழை கீழே பிறந்தது. உச்ச ஸ்தாயிக்கு, இடக்கை ஆள்காட்டி விரலைச் சற்று உருட்டி, சாவித் தட்டிலுள்ள சிறு துளையைத் திறக்க வேண்டும். அதற்கு அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய வாத்தியத்துக்கு மாறுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்சச் சுருதியில் ஒலிக்கும் திமிரி நாகஸ்வரத்தை விட்டுவிட்டு, நீளமான பாரியை எடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைவேலையால் அந்தப் பாரியில் சுத்த மத்திமமும் சரியாக நின்றது. துளைகளின் இடைவெளி கூடியது, மூச்சின் கணக்கு மாறியது. அவரோ சுருதி இறங்கியதை வரமாக எடுத்துக்கொண்டு, பாடகரைப் போல ராகத்தை விரித்து ஊதினார். இன்று கச்சேரி மேடையில் பாரிதான் கேட்கிறோம்.

ராஜரத்தினம் பிள்ளை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டியவர் திருச்சியின் ஏ. கே. சி. நடராஜன். 1931-ல் பிறந்தவர், 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டு கற்றவர். சாவி வைத்த மேல்நாட்டு வாத்தியத்தில் அவர் கமகம் இழைந்து வந்ததற்கு அந்த வாய்ப்பாட்டுத்தான் காரணம் என்பது என் துணிபு. ஆகவே ஊதுமுன் பாடுங்கள். தொண்டை இறுகாமல் தாண்டும் இடத்தை வாத்தியமும் தாண்டும்.

இதை வாத்தியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என்னிடம் கற்ற சிலர் இன்று பெரிய நிறுவனங்களில் பத்துப் பேருக்குத் தலைமை. பொறுப்பு பெரிதானதும் குரலை உயர்த்துகிறவர்களையும், எல்லாவற்றையும் தானே பிடித்து இறுக்குகிறவர்களையும் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தும் தாடை தளர்வதில்லை. கீழ்நிலையில் இருந்தபோது பதற்றத்தோடு வேலை செய்தவர்கள்தான் மேலே போய்க் கீச்சிடுகிறார்கள். அடுத்த பொறுப்பு வருவதற்குள் அதற்கான விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பழகியவர்கள், உயர்ந்த பிறகும் அதே மனிதர்களாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

அடுக்குமாடி வீட்டில் எப்படிச் சாதகம் செய்வது என்று கேட்கிறீர்கள். மெல்ல ஊதுங்கள். மெல்லிய நாதத்தை உடையாமல் நிறுத்துவதுதான் கடினமான பயிற்சி. அக்னி நட்சத்திர வெயிலில் சுருதி ஏறும், மழைக்கால ஈரத்தில் ரீட் கோணும். இரண்டையும் நாள்தோறும் சரிபாருங்கள். பேஸ் கிளாரினெட்டை வாங்கச் சொல்லிப் பெற்றோரை அதற்குள் நெருக்காதீர்கள். கையிலிருக்கும் கிளாரினெட்டில் அந்தக் கட்டைவிரல் சாதகம் ஒரு முழு வருடம் செய்துவிட்டு என்னிடம் வாருங்கள். பெரியதை நானே எடுத்துத் தருகிறேன்.